தள்ளுபடி செய்யும் முன் கணக்கைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். அப்பா படுத்த படுக்கையாக இருந்த கடைசி வருடம், நீங்கள் துபாயில் வேலையில் இருந்தபோது, உங்கள் அண்ணன் முத்தியால்பேட்டை வீட்டைத் தன் பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதி வாங்கிக்கொண்டார். அடக்கத்துக்கு வந்த இடத்தில்தான் உங்களுக்கு விஷயமே தெரிந்தது. இப்போது ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறீர்கள், ஆனால் நாலு வரிசை முன்னால் அவர் முதுகைப் பார்த்தாலே உடம்பு பற்றி எரிகிறது, பூசையில் தரும் அப்பமாகிய நன்மையை வாங்க எழுந்து போகவே கால் வரமாட்டேன் என்கிறது. எல்லாரும் "மன்னிச்சிடுப்பா" என்கிறார்கள், எப்படி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நன்மை வாங்கும் விழா, அதற்குப் போகலாமா வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி.

நான் கடலூர்க்காரி, லுத்தரன் சபை. முப்பத்தொரு வருடம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பேரேடு எழுதினேன், சபைப் பெண்கள் சங்கத்தில் இருபது வருடமாக வேதபாடம் நடத்துகிறேன். கூடப்பிறந்த அண்ணனோடு ஒன்பது வருடம் முகம் பார்த்துப் பேசாமலும் இருந்திருக்கிறேன். அதனால் பாடமாகத் தெரிந்ததையும் பட்டுத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

"மன்னிச்சிடு" என்று அவசரப்படுத்துகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவர்கள் எடுத்துக்காட்டுவது மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் பின்பாதியை. ஏழுதரமட்டுமா மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்க, எழுபது தரம் ஏழுமுறை என்று ஆண்டவர் சொல்வது அங்கேதான் வருகிறது. அதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்தைப் பாருங்கள். உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்கிறார். கேட்கவில்லையா, ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்கவில்லையா, சபைக்குச் சொல். நடந்தது குற்றம் என்று பேர் வைத்துப் பேசிய பிறகுதான் மன்னிப்பின் உவமையே வருகிறது. அந்த உவமையும் எப்படி ஆரம்பிக்கிறது? "தன் ஊழியக்காரரிடத்தில் கணக்குப்பார்க்கவேண்டுமென்றிருந்த ஒரு ராஜா" என்று. ராஜா முதலில் மன்னிக்கவில்லை தம்பி, முதலில் கணக்குப் பார்க்கிறார்.

கணக்குப் பார்ப்பது என் தொழில், அதனால் இது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. 2006இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தபோது எங்கள் சங்கத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்து பட்டியல் எடுத்தோம். உறுப்பினர் பேர், அசல், வட்டி, தவணை தவறியிருந்தால் அபராத வட்டி, மொத்த நிலுவை. ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிச் சரிபார்த்த பிறகுதான் "தள்ளுபடி" என்று முத்திரை விழும். பேரேட்டில் பக்கமே இல்லாத கடனை யாராலும் தள்ளுபடி செய்ய முடியாது. ஒரு பெரியவர் வந்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேசைக்கு எதிரில் நின்றார். கடன் தள்ளுபடி ஆயிடுச்சு ஐயா, சான்று வாங்கிட்டுப் போங்க என்றேன். அவர் போகவில்லை. "எவ்வளவுன்னு வாய்விட்டுப் படிம்மா, கேட்டுட்டுப் போறேன்" என்றார். படித்தேன். தொகையைத் திரும்பத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பெரியவருக்குப் புரிந்தது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. என் அண்ணன் மேல் இருந்த கணக்கு அப்போது நாலு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது, அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

என்ன கணக்கு என்றால், அம்மாவை மூன்று வருடம் நான் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் பதினாலு சவரனை அண்ணன் தொழிலுக்கென்று வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்தான், மீட்கவே இல்லை, நகை முழுகிப்போனது. 2002இல் அம்மா போய்ச் சேர்ந்தார்கள். அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் நகை எங்கே என்று கேட்டபோது, "அவதானே கூட இருந்தா, அவளையே கேளுங்க" என்று முற்றத்தில் நின்று சொன்னான். அவ்வளவுதான். அவன் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. ஒன்பது வருடம் அந்த வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். திருவிருந்தும் எடுத்தேன், ஜெபக்கூட்டத்தில் அன்பைப் பற்றியும் பேசினேன். கோபம் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கத்தவில்லையே.

எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் களையச் சொல்லும் பட்டியலில் முதலில் வருவது கசப்பு, அப்புறம்தான் கோபம், மூர்க்கம், கூக்குரல் எல்லாம். அதற்குச் சில வசனம் முன்னால்தான் "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று எழுதுகிறார், சூரியன் அஸ்தமிக்கும் முன்னே தணியட்டும் என்று கெடுவும் வைக்கிறார். கோபம் வருவதே பாவம் என்றிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். சூம்பின கையுடைய மனுஷனைச் சுகமாக்கும் இடத்தில் இயேசுவே கோபத்தோடு சுற்றிலும் பார்த்தார் என்று மாற்கு 3ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்பா வீட்டை உங்களுக்குத் தெரியாமல் எழுதி வாங்கினால் கோபம் வரத்தான் வேண்டும், வராவிட்டால்தான் ஏதோ கோளாறு. ஆனால் கெடு தாண்டிய கோபம் உறைந்து வேறு ஒன்றாகிவிடுகிறது. எபிரெயர் 12:15 அதற்குக் "கசப்பான வேர்" என்று பேர் வைக்கிறது, அதனால் "அநேகர் தீட்டுப்படாதபடிக்கு" ஜாக்கிரதையாயிருங்கள் என்கிறது. அந்த "அநேகர்" யார் என்று, 'தானே' என்ற பேரில் புயல் அடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை, உங்களுக்கும் நினைவிருக்கும், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான் அது கரையேறியது. செம்மண்டலம் பக்கம் எங்கள் தெருவில் நிற்கிற கம்பம் ஒன்று இல்லை. கரண்ட் வர வாரக்கணக்கானது. மோட்டார் ஓடாது, மேல்தொட்டி காலி. தெருவிலேயே தண்ணீர் வந்த ஒரே இடம் அண்ணன் வீட்டு முன்னால் இருந்த பழைய அடிபம்பு. தெரு முழுக்க அங்கே வரிசையில் நின்றது. நான் போகவில்லை. பெரிய ரோட்டைத் தாண்டி, விழுந்த மரங்களுக்கு நடுவில் பத்து நிமிடம் நடந்து வேறொரு பம்புக்குப் போனேன், பதினோரு வயது மகளையும் கூட்டிக்கொண்டு. ஆறாம் நாள் அவள் ஒரு கிளை தடுக்கி விழுந்தாள். பிளாஸ்டிக் குடம் அடியில் விரிந்துபோய்த் தண்ணீர் மொத்தமும் ரோட்டில். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது, அதை எனக்குக் காட்டாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, மாமா நமக்கு என்ன பண்ணாரு?"

அவளுக்குத் தெரியாது. நகையைப் பற்றியும் தெரியாது, அவன் சொன்ன வார்த்தையும் தெரியாது, அப்போது அவள் கைக்குழந்தை. அசல் எவ்வளவு என்றே தெரியாத கடனுக்கு என் பிள்ளை வட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தவக்காலத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அண்ணன் பேரை மேலே எழுதி, எனக்கு அவன் தர வேண்டியதை வரிசையாக எழுதினேன். இதைத்தான் உங்களையும் முதலில் செய்யச் சொல்கிறேன். பொதுவாக "துரோகம் பண்ணிட்டான்" என்று எழுதாதீர்கள், அது கூட்டல் கழித்தலுக்கு வராது. வீட்டில் உங்கள் பங்கு இவ்வளவு, அப்பாவின் கடைசி நாட்களில் உண்மையைச் சொல்லாமல் மறைத்தது, துபாயிலிருந்து நீங்கள் அனுப்பிய பணம் இந்த மாதம் இவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். நான் எழுதியபோது ரெண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, என்னை எரித்துக்கொண்டிருந்தது பதினாலு சவரன் இல்லை, முற்றத்தில் சொன்ன அந்த ஒரு வரி. நகையை எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், அந்த வரியை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இன்னொன்று, எழுதிக்கொண்டே போனபோது ஏழாவதோ எட்டாவதோ, "அம்மாவுக்கு அவன்தான் செல்லம்" என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது அவன் கடன் இல்லையே, அவன் பக்கத்தில் எப்படி ஏறியது? அடித்துவிட்டேன். உங்கள் நோட்டிலும் அண்ணன் கணக்கில் ஏறிய அடுத்தவர் கடன் ஒன்றிரண்டு இருக்கலாம், அப்பா மேல் உள்ள வருத்தம்கூட. அதைப் பிரித்து வையுங்கள்.

சரி, இப்போது உவமைக்கு வருவோம். ராஜாவுக்கு அந்த ஊழியக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு ஆளின் ஒரு நாள் கூலி. பெருக்கினால் 6 கோடி நாள் கூலி. வருடம் 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருடம். அதை மொத்தமாக விட்டுக்கொடுத்தார் ராஜா. வெளியே வந்தவன் உடன் ஊழியக்காரனைத் தொண்டையை நெரித்துக் கேட்டது நூறு வெள்ளிப்பணம். பிரசங்கத்தில் இதை "அற்பக் காசு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அற்பமா? நூறு நாள் கூலி! நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வருடம் முழுக்கச் சேர்ந்த அந்தக் கூலி போனால் என்ன ஆகும் என்று. உங்கள் நஷ்டம் சின்னது என்று ஆண்டவர் எங்கேயும் சொல்லவில்லை. நிஜமான நஷ்டம்தான், நூறு நாள் கூலிதான். அதைவிடப் பெரிய பக்கம் ஒன்று உங்கள் பேரில் இருந்தது, அதில் முத்திரை விழுந்துவிட்டது, அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள் என்கிறார்.

இன்னொன்று சங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தள்ளுபடி என்றால் பணம் காற்றில் கரைந்துவிடாது. விவசாயி கட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான், அரசு அந்தத் தொகையைச் சங்கத்துக்குத் தந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சங்கம் படுத்துவிடும். யாரோ ஒருவர் ஏற்காமல் தள்ளுபடியே கிடையாது. சிலுவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், பெரிய வெள்ளிக்கு மூணு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த நோட்டின் அடியில் மொத்தம் போட்டுக் கோடு கிழித்தபோதுதான், ஏற்றவர் ஒருவர் உண்டு, அவர் கையில் ஆணி இருந்தது என்பது எனக்கு உறைத்தது. அன்று ராத்திரி ரொம்ப நேரம் அழுதேன். இதற்கு மேல் அதை எழுதத் தெரியவில்லை.

உடனே மனசு லேசாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. செய்தது ஒன்றுதான். தினமும் படுக்கும் முன் அவன் பேரைச் சொல்லி ஒரே ஒரு வரி ஜெபம். "அண்ணனை ஆசீர்வதியும்" என்று பொதுவாக இல்லை, அவனுக்கு நிஜமாக என்ன தேவையோ அது. அவனுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண் இருந்தது, அந்தப் புண் ஆற வேண்டும் என்று. முதல் மூணு வாரம் பொய் சொல்கிற மாதிரியே இருந்தது. இருக்கட்டும், துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்றுதான் ஆண்டவர் சொல்லியிருக்கிறார், உணர்ந்து ஜெபம்பண்ணுங்கள் என்று நிபந்தனை போடவில்லை. ஒரு மாதம் கழித்துத் தெருவில் எதிரே வந்தபோது அவன் முகத்துக்குப் பதில் காலைப் பார்த்தேன், புண்ணுக்குக் கட்டு போட்டிருக்கிறானா என்று. அது நானாக வரவழைத்தது இல்லை.

கூடவே கதை சொல்வதை நிறுத்தினேன். இது ஜெபத்தைவிடக் கஷ்டம். குழாயடி, கல்யாண வீடு, யார் வந்தாலும் அந்தப் பதினாலு சவரனை எடுத்துப் போடுவேன், ஒவ்வொரு தடவையும் வட்டிக்கு வட்டி ஏறும். யாரிடமும் சொல்லவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், ஒருத்தரிடம் சொல்லுங்கள், பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல உங்களுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது, நல்ல சாமியார் ஒருத்தரைப் பாருங்கள். அந்த ஒருத்தரோடு நிற்கட்டும்.

அப்புறம், மன்னித்த பிறகும் ஞாபகம் வரும். தள்ளுபடி ஆன பக்கத்தை நாங்கள் கிழித்துப் போடுவதில்லை, அடுத்த வருடத் தணிக்கையில் அதே பக்கம் கண்ணில் படும், தொகையும் அப்படியே இருக்கும், ஆனால் அதை வைத்து நோட்டீஸ் அனுப்ப முடியாது. எழுபது தரம் ஏழுமுறை என்றால் புதுப்புதுக் குற்றங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரே குற்றம் நானூறு தடவை மனசில் வந்து நிற்கும், ஒவ்வொரு தடவையும் முத்திரையைக் காட்டி அனுப்ப வேண்டியிருக்கும். யோசேப்பைப் பாருங்களேன். பதினேழு வயதில் அண்ணன்மார் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். எகிப்தில் மூத்த பிள்ளை பிறந்தபோது, என் தகப்பன் வீட்டை எல்லாம் தேவன் மறக்கப்பண்ணினார் என்று மனாசே என்று பேர் வைத்தார். மறந்துவிட்டாரா? விற்றுப்போய் ஏறக்குறைய இருபத்திரண்டு வருடம் கழித்து அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நின்றபோது அப்பால் போய் அழுதார், மறுபடி ஒரு அறைக்குள் போய் அழுதார், மூன்றாம் தடவை வீடே கேட்கிற மாதிரி அழுதார். அந்த அழுகைக்கு நடுவிலும் உடனே கட்டிப்பிடிக்கவில்லை. சோதித்துப் பார்த்தார். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவரான யூதா சொன்ன பிறகுதான் நான்தான் யோசேப்பு என்றார். மன்னிப்பு ஒருவர் கையில் இருக்கிறது, நம்பிக்கை திரும்ப ரெண்டு பேர் வேண்டும்.

இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பெண்கள் சங்கத்திலேயே, அடிக்கிற புருஷனோடு "மன்னிச்சு வாழு" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது, அந்த ஆத்திரத்துக்காக நான் மனம் வருந்தப் போவதும் இல்லை. கசப்பை விடுவது வேறு, அடி வாங்க அந்த வீட்டுக்குள் போய் நிற்பது வேறு. அப்படி யாராவது இதைப் படித்தால் 181க்குக் கூப்பிடுங்கள், ஜெபத்தை அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் வீட்டு விஷயமும் இதில் அடங்கும். வழக்குப் போட்டால் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. 1999 ஜனவரியில் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் பிலிப், திமொத்தி என்ற ரெண்டு பிள்ளைகளையும் வண்டியோடு எரித்தார்களே, அவர் மனைவி கிளாடிஸ் மன்னித்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னார், பாரிபதாவில் தொழுநோயாளிகளோடு இருந்து வேலையைத் தொடர்ந்தார். வழக்கு அது பாட்டுக்கு நடந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ரெண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைப் பவுல் 1 கொரிந்தியர் 6இல் கண்டிக்கிறாரே என்றால், உங்களுக்குள் தீர்த்துவைக்க ஒரு விவேகி கூட இல்லையா என்பதுதான் அங்கே அவர் வருத்தம். அதனால் முதலில் நீங்களும் அண்ணனும் மட்டும் உட்காருங்கள், வேலைக்கு ஆகவில்லையா, அப்பாவின் சிநேகிதர் ஒருவர், பங்குச் சாமியார் ஒருவர் என்று வைத்துப் பேசுங்கள். ஆனால் நாளைக் கடத்த வேண்டாம், பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, விவரம் தெரிந்ததிலிருந்து பொதுவாக மூன்று வருடம்தான் சட்டம் தருகிறது, பத்திர நகலோடு ஒரு வக்கீலை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பங்கைக் கேட்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். விடுவதானால் முழுமனசாக விடுங்கள், கேட்பதானால் அவரை நாசமாக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். ரெண்டுக்கும் அந்த நோட்டு உதவும்.

என் கதை என்ன ஆச்சு என்றால், அந்த வருடம் மே மாதம், கோடையில் குழாய்த் தண்ணீர் குறைந்தபோது, ஒரு காலை நான் குடத்தோடு அண்ணன் வீட்டுப் பம்புக்குப் போனேன். அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் பேசவில்லை, எழுந்து வந்து கைப்பிடியைப் பிடித்து அவனே அடித்தான், குடம் வழிந்த பிறகும் ரெண்டு அடி அடித்தான். அண்ணி உள்ளேயிருந்து காபி சாப்பிட்டுட்டுப் போன்னாங்க. குடித்தேன். இன்றுவரை அந்த வார்த்தைக்காக அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம், அவன் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்றக் கூடப் போயிருக்கிறேன். கைமாற்றாகப் பணம் மட்டும் தருவதில்லை.

புதுநன்மைக்குப் போங்கள் தம்பி. அந்தக் குழந்தை உங்களுக்கு எந்தக் கடனும் படவில்லை. வெள்ளைக் கவுன் போட்டு மெழுகுவத்தியோடு வரிசையில் வரும்போது சித்தப்பா வந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கத்தான் செய்வாள். விருந்துக்கு உட்கார முடியாது என்று தோன்றினால் பூசை முடிந்ததும் அவள் கையில் பரிசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், அதில் தப்பே இல்லை. அண்ணனிடம் இப்போதே பேச வேண்டும் என்று உங்களை நெருக்கிக்கொள்ளாதீர்கள். அண்ணிக்கு ஒரு போன் போட்டு, பூசை எத்தனை மணிக்கு, பாப்பாவுக்கு என்ன வேணும் என்று மட்டும் கேளுங்கள்.